கண்காணி யாருக்குக் கணக்குச் சொல்கிறார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம்செய்த அச்சு வடிவம்)



தமிழிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று பெருமையோடு எண்ணத் தொடங்குவோம். அந்த வரிசையில் நாம் அதிகம் சொல்லிக்கொள்ளாத சொல் ஒன்று உண்டு. அது 'கங்காணி'. பெரிய ஆங்கில அகராதிகள் அதைத் தமிழ்மூலச் சொல்லாகப் பதிந்திருக்கின்றன. இலங்கையிலும் மலாயாவிலும் தமிழ்த் தொழிலாளரைச் சேர்த்து, மேற்பார்த்து, வேலை வாங்கிய தலைவன் என்று பொருளும் தருகின்றன. 'கண்ணால் காண்பவர்' என்ற அளவில் பிறந்த பெயர், ஒரு நூற்றாண்டுக் காலம் ஆளைக் கட்டி வைத்த ஏற்பாட்டின் பெயராகிவிட்டது.

இந்த மாற்றத்தை எப்படி விளக்குவது என்பதே இன்றைய உரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவரின் பெயருக்குப் பொருள் கொடுப்பது அவர் எதைப் பார்க்கிறார் என்பதைவிட, பார்த்ததை யாரிடம் கணக்குக் கொடுக்கிறார் என்பதே. கணக்குக் கேட்பவர் மாறினால், சொல் அப்படியே இருக்கப் பொருள் புரண்டுவிடும். இதைக் கோயில் கல்வெட்டு, மலைநாட்டுத் தோட்டம், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் குளக்கட்டு, போர்நிறுத்தக் காலம் ஆகிய நான்கு இடங்களில் வைத்துக் காட்டி, எழக்கூடிய மறுப்புகளுக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

1. கல்லில் இருந்த கண்காணி

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' என்ற தொடர் பலமுறை வருகிறது. வைணவக் கோயில்களில் 'ஸ்ரீவைஷ்ணவக் கண்காணி செய்வார்' என்று வரும். விளக்கெரிக்க விட்ட ஆடுகள், அமுதுபடிக்கு விட்ட நிலம், பண்டாரத்தில் வைத்த பொன் ஆகியவை கொடுத்தவரின் எண்ணப்படியே செலவாகின்றனவா என்று பார்ப்பது இவர்கள் பொறுப்பு. அடியார் திரளின் பெயரால் இவர்கள் பார்த்தார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதோ கோயிற் சுவரிலேயே வெட்டப்பட்டிருந்தது. இத்தனை ஆடு, இத்தனை நெய், இன்னார் பொறுப்பு என்று சுவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பார்க்கிறவரையும் ஊர் பார்க்கலாம். எழுத்தறிந்தோர் சிலரே என்பதும், கோயிலுக்குள் வர இயலாதோர் பலர் என்பதும் உண்மை. ஆகவே இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் கண்காணி கணக்குக் கொடுக்கும் இடம் திறந்த இடமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இதே சொல்லைத் திருமூலர் திருமந்திரத்தில் இறைவனுக்கு ஆள்கிறார். எங்கும் நிறைந்து பார்த்திருப்பவன் என்ற பொருளில் அது உயர்ந்த பெயர். கிறிஸ்தவ வழக்குக்கு வந்தால், புரட்டஸ்தாந்து சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் வேதாகமம் பவுலின் நிருபங்களில் சபைத் தலைவரைக் 'கண்காணி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'எபிஸ்கொபொஸ்'. 'எபி' என்றால் மேலே, 'ஸ்கொபொஸ்' என்றால் பார்ப்பவர். அந்தச் சொல்தான் லத்தீன் வழியாகப் போய், தேய்ந்து, ஆங்கிலத்தில் 'பிஷப்' ஆயிற்று. வடமொழி 'அத்தியட்சர்' என்பதிலும் 'மேல்' என்பதும் 'கண்' என்பதும் கூடியிருக்கின்றன. ஆக, மேலிருந்து பார்ப்பவருக்குப் பெருமை கொடுப்பது பல மொழிகளுக்கும் பொதுவான வழக்கம். தமிழ்க் கண்காணிக்கும் அந்தப் பெருமை முழுதாக இருந்தது. அப்படியானால் அது எங்கே இறங்கியது?

2. தோட்டத்தில் இறங்கிய கங்காணி

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கொண்டுவரும் வேலை கங்காணிகள் கைக்குப் போனது. தோட்டத்துத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக் கரைக்குப் போய், சொந்தக்காரரையும் ஊராரையும் சேர்த்து, படகேற்றி, மன்னார்க் கரையில் இறக்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடத்திச் செல்வார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள என்று போன அந்த வடபாதை, வன்னியின் மேற்கையும் தெற்கையும் தொட்டுச் சென்றது. வாந்திபேதியும் காய்ச்சலும் அந்த வழியில் எத்தனையோ பேரைத் தின்றன. தோட்டம் போய்ச் சேர்ந்தவர் கணக்கில் வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறின.

இங்கே கண்காணியின் கணக்கு யாருக்குப் போனது என்பதைப் பாருங்கள். அன்று வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் தலைக்காசு என்று ஒரு தொகை கங்காணிக்குக் கிடைத்தது. கூலியும் பலவேளை அவர் கைவழியாகவே வந்தது. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், எல்லோருக்கும் மேலே துரை என்று பார்வை மேலேயே ஏறிச் சென்றது. கீழே இருந்தவருக்குத் தம் பேரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. 'துண்டு' என்ற சிறு தாள் இதன் உச்சம். இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டம் கடனைக் கட்டினால் ஆட்கள் கைமாறினார்கள். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தோட்ட வேலையாட்கள் புறப்படுவதைத் தடுத்தது. மலாயாவிலும் 1938இல் இதேபோன்ற தடை வந்தது. அதோடு ஆள்கட்டும் கங்காணியின் காலம் முடிந்தது. தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி என்ற பெயர் மட்டும் நீடித்தது.

சொல்லின் உருவமும் ஒன்றைச் சொல்கிறது. பேச்சில் 'ண்க' என்பது 'ங்க' ஆவது தமிழுக்கு இயல்பு. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது ஏட்டிலிருந்த 'கண்காணி'யை விட்டு வாயிலிருந்த 'கங்காணி'யை. துரைமார் இதைக் காதால் கேட்டுப் பிடித்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. பிறகு தமிழுக்குள்ளேயே அவை இரண்டு சொற்கள் போலாகிவிட்டன. 'கண்காணிப்பாளர்' என்றால் அலுவலகக் கதவில் எழுதிவைக்கும் மதிப்பான பதவி. 'கங்காணி' என்றால், தன் மக்களை மேலிடத்துக்கு விற்கிறவன் என்று இலங்கைத் தமிழ் அரசியல் மேடையில் எறியும் வசை. சிங்களத்திலோ இதே சொல் வேறு வழியில் போய் 'கங்கானம்கே' என்ற குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது. அங்கே அது முன்னோரின் பதவியைக் காட்டும் பெருமைப் பெயர். ஒரே வேர் ஒரு தீவுக்குள்ளேயே வசையாகவும் குலப்பெயராகவும் இருப்பதை ஒலிமாற்றத்தால் விளக்க முடியாது. யாருக்காகப் பார்த்தார்கள் என்ற நினைவு எங்கே எப்படி எஞ்சியது என்பதால்தான் விளக்க முடியும்.

இது மலைநாட்டுக் கதை, வன்னிக்கு என்ன தொடர்பு என்று கேட்க முடியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எழுபதுகளின் உணவுப் பஞ்சமும் 1977 வன்செயல்களும் அவர்களில் பல்லாயிரவரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தள்ளின. மலையாளபுரமும் பாரதிபுரமும் அப்படி வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய இடங்கள். கங்காணி என்ற சொல்லின் முழு வரலாற்றையும் சுமந்த பேரப்பிள்ளைகள் வன்னியின் பாடசாலைகளில் படிக்கிறார்கள்.

3. குளக்கட்டில் நின்ற வட்டவிதானை

வன்னி தன் சொந்தக் கண்காணியை வேறு பெயரால் அழைத்தது. குளத்து நீரைப் பகிரும் பொறுப்பிலிருந்தவர் வட்டவிதானை. சிங்களப் பகுதிகளின் 'வெல் விதானே' பதவிக்கு ஒப்பானவர். துருசு என்னும் மதகை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, வேலி அடைக்காதவர் யார், வாய்க்கால் துப்புரவுக்கு வராதவர் யார் என்று பார்த்தவர் அவர். 1856இன் வயல்நீர்ப்பாசனச் சட்டம் முதலாக அரசு இந்த ஊர்வழக்கத்துக்குச் சட்ட உருவம் கொடுத்தது.

அவருக்கு வரும்படி எங்கிருந்து வந்தது என்பதே நமக்கு முக்கியம். பயிர் செய்தவர்கள் தங்கள் விளைவில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். வயல் காய்ந்தால் அவர் பங்கும் காயும். அவர் அரசாங்க அதிபருக்கும் பதில் சொல்ல வேண்டும், விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்தில் கமக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டில் எவ்வளவு பரப்பு விதைப்பது என்பது எல்லோரும் கூடி முடிவு செய்யும் விஷயம். அந்த முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆகவே மடையை இரவில் யாராவது வெட்டினாலும், வட்டவிதானையே தன் உறவினருக்கு அதிக நீர் விட்டாலும், ஊரே அளந்து பார்க்க ஓர் அளவுகோல் இருந்தது. தோட்டத்துக் கங்காணியும் வட்டவிதானையும் ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின் கீழ் வேலை செய்தவர்கள். இருவர் தொழிலும் பார்ப்பதுதான். ஒருவருக்குக் கூலி மேலிருந்து வந்தது, கணக்கு மூடியிருந்தது. மற்றவருக்குக் கூலி பார்க்கப்படுவோரிடமிருந்து வந்தது, கணக்கு கூட்டத்தில் பேசப்பட்டது. ஒரு பெயர் வசையாகி மற்றது ஆகாமல் போனதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

1958இன் நெற்காணிச் சட்டம் இந்தப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பின்வந்த சட்டங்கள் கமக்கார அமைப்புகளைக் கொண்டுவந்தன. பெயர் போனாலும், பார்க்கிறவர் பார்க்கப்படுவோரின் கூட்டத்தில் விடை சொல்ல வேண்டும் என்ற வழக்கம் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் முற்றாகப் போய்விடவில்லை.

4. போர்நிறுத்தக் காலத்தின் 'மொனிற்றர்'

நான்காவது சான்று நம் நினைவுக்கு மிக அருகில் இருப்பது. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பெப்ரவரியில் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின்படி நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் கண்காணிப்பாளராக வந்தார்கள். முதல் தலைவர் நோர்வேயின் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ட்ரொண்ட் ஃபுருஹோவ்டே. வவுனியாவிலும் மன்னாரிலும் அலுவலகங்களும் கிளிநொச்சியில் ஒரு தொடர்பு அலுவலகமும் இருந்தன. இவர்களை ஆங்கிலத்தில் அழைத்த சொல் 'மொனிற்றர்'. அதன் லத்தீன் வேர் 'மொனேரே', அதாவது நினைவூட்டு, எச்சரி. பார்ப்பது அந்தச் சொல்லில் பின்னால் சேர்ந்த பொருள். முதலில் இருந்தது வாய்திறந்து எச்சரிப்பது. நாம் அதைக் 'கண்காணிப்பாளர்' என்று தமிழாக்கியபோது கண் வந்தது, வாய் விடுபட்டது.

அந்தக் கண்காணிப்புக் குழுவுக்கு இருந்த அதிகாரமும் அப்படித்தான். உடன்படிக்கையின் பொருள் எதுவென்று முடிவாகச் சொல்லும் உரிமை அதன் தலைவருக்கு உண்டு. மீறல் நடந்தது என்று சொல்லலாம், தடுக்கவோ தண்டிக்கவோ முடியாது. ஆனால் உடன்படிக்கையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஆறு மாவட்டங்களில் ஐவர் கொண்ட உள்ளூர்க் குழுக்கள் அமையவேண்டும், இரு தரப்பும் இருவர் இருவராக நியமிக்க, ஐந்தாமவர் வெளிநாட்டுக் கண்காணிப்பாளராக இருப்பார். ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர்கள், மதத் தலைவர்கள் போன்றோரை அதில் சேர்க்கலாம் என்றும் சொல்லியது. பார்க்கப்படுகிற சமூகமும் பார்க்கும் பொறுப்பில் பங்கேற்கலாம் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. எனினும் கண்காணிப்புக் குழு இருந்ததும் நீங்கியதும் ஒப்பமிட்ட இரு தரப்பின் விருப்பத்தில் தொங்கியது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்தின் உறுப்புநாட்டவர் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோரினார்கள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டவர் போனபின் ஏறத்தாழ 30 பேரே எஞ்சினர். 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியது. 16ஆம் திகதியோடு குழுவின் பணி முடிந்தது. ஊர்மக்கள் இருங்கள் என்று சொல்லவும் போங்கள் என்று சொல்லவும் அதில் இடமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சர்வதேசப் பணியாளர்கள், அரசின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து, கிளிநொச்சியை விட்டு நீங்கினார்கள். போகவேண்டாம் என்று மக்கள் அலுவலக வாசலில் கூடி நின்றதை இந்த அவையில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் எழுதப்பட்டு 2012 நவம்பரில் வெளியான அந்த அமைப்பின் உள்ளக மீளாய்வு அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் நடந்ததை அமைப்பு முழுவதற்குமான தோல்வி என்று மதிப்பிட்டது. இழப்புகள் பற்றிய எண்ணிக்கைகள் அமைப்புக்குள் திரட்டப்பட்டும் உரிய நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. தகவல் இருந்தது, எச்சரிப்பு இல்லை. கணக்கு மேலே, தலைமையகத்தை நோக்கிப் போயிற்று. கணக்கு யாரைப் பற்றியதோ அவர்களிடம் வரவில்லை. எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அறிக்கை போன திசையைத்தான் சுட்டுகிறேன்.

5. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, கங்காணிக்கு நான் அநியாயம் செய்கிறேன் என்பது. கங்காணி பல இடங்களில் அதே ஊர்க்காரர், உறவினர். நோய் வந்தால் கடன் கொடுத்தவரும், கலியாணம் கருமாதி நடத்தி வைத்தவரும், துரையிடம் போய்ப் பேசியவரும் அவரே. கங்காணி இல்லாவிட்டால் தொழிலாளிக்கு வாயே இல்லை என்ற நிலையும் இருந்தது. இது உண்மைதான், என் வாதத்துக்கும் இதுவே துணை. அதே மனிதர் தன் கூட்டத்துக்காகத் துரையிடம் பேசிய வேளையில் காவலர், துரைக்காகத் தன் கூட்டத்தை எண்ணிய வேளையில் கட்டிவைப்பவர். குணம் மாறவில்லை, கணக்கின் திசை மாறியது. கடனும் தலைக்காசும் இரண்டாவது திசையை வலுவாக்கின. அதனால் அந்தப் பொருளே சொல்லில் தங்கியது.

இரண்டாவது மறுப்பு மொழியியலாளருடையது. சொற்பொருள் இழிவது உலக வழக்கம், அதற்கு அறக் காரணம் தேடக்கூடாது, வேர்ச்சொல்லைக் கொண்டு இன்றைய பொருளைத் தீர்மானிப்பதும் பிழை என்பார்கள். பின்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். 'மொனிற்றர்' என்பதன் வேர் எச்சரிப்பு என்பதால் எல்லா மொனிற்றரும் எச்சரித்தாக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எச்சரிக்கும் கடமையை அந்தப் பணியிலிருந்து நாம் எதிர்பார்த்தோம், வேர் அந்த எதிர்பார்ப்புக்குப் பெயர் தருகிறது, அவ்வளவே. முற்பகுதிக்கு விடை வேறு. பொருள் தானாக இழிந்தது என்றால் 'கண்காணிப்பாளர்' ஏன் இழியவில்லை, 'கங்கானம்கே' ஏன் இழியவில்லை? ஒரே வேரின் கிளைகள் வேறு வேறு விதமாக வளர்ந்தால், வேருக்கு வெளியேதான் காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. பார்க்கப்படுவோரிடம் கூலி வாங்குகிறவர் அவர்களில் பெரியவர்களுக்கு அடிமையாவார். வட்டவிதானை பெரும்பாலும் காணியுள்ள குடும்பத்தவர். வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தவருக்கும், காணியில்லாமல் கூலிக்கு நாற்று நட்டவருக்கும் அவர் கூட்டத்தில் குரல் இல்லை. மலைநாட்டிலிருந்து வந்து வன்னி வயலில் கூலி வேலை செய்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இந்த மறுப்பு என் கருத்தைத் திருத்துகிறது. பார்க்கப்படுவோருக்குக் கணக்குச் சொன்னால் மட்டும் போதாது. அவர்களில் கடைசியில் நிற்பவருக்கும் அந்தக் கணக்கு எட்ட வேண்டும். வட்டவிதானையின் குறை கணக்கின் திசையில் இல்லை, அது பாதி வழியில் நின்றுவிட்டதில் இருக்கிறது.

6. முடிவுரை

நான்கு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கண்காணியையும் அளக்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. அவரை நியமித்துக் கூலி கொடுப்பவர் யார்? அவர் எழுதும் அறிக்கையைப் படிப்பவர் யார்? அதில் பிழை இருந்தால் பார்க்கப்பட்டவர் எழுந்து மறுத்துப் பேச இடமுண்டா? கோயிற் கல்வெட்டு இரண்டாவது கேள்விக்கு ஓரளவு விடை சொன்னது. வட்டவிதானை மூன்றாவதற்கு ஓரளவு விடை சொன்னார். தோட்டத்துக் கங்காணியிடம் மூன்றுக்கும் விடையில்லை. போர்நிறுத்தக் குழுவின் உள்ளூர் ஏற்பாடு விடை சொல்லத் தொடங்கி நின்றுபோனது.

போருக்குப் பிந்திய வன்னியில் பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. அரச அலுவலர், பாதுகாப்புத் தரப்பினர், தொண்டு நிறுவனங்களின் 'கண்காணிப்பும் மதிப்பீடும்' பிரிவினர் என்று பலர் வீட்டு வாசலுக்கு வந்து கேள்வி கேட்டு எழுதிச் செல்கிறார்கள். அவர்களை வெறுக்கச் சொல்ல நான் வரவில்லை. நீர், காணி, வீடு, காணாமற்போனோர் என்று பார்த்தே ஆகவேண்டிய விஷயங்கள் இங்கே நிறைய உண்டு. எழுதிச் செல்வதன் பிரதியை, புரியும் தமிழில், ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும்படி கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, கேட்கும் வழக்கம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜே. பி. லூயிஸ் என்ற உதவி அரசாங்க அதிபர் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கைந்நூல் எழுதினார். அது ஆட்சியாளர் பார்த்து ஆட்சியாளருக்குச் சொன்ன கணக்கு. வட்டவிதானை கூட்டம் நடத்திய முறையை, தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கங்காணியைப் பற்றிச் சொல்லும் சொற்களை, போர்நிறுத்தக் காலத்தில் முறைப்பாடு கொடுக்கப் போனவர்களின் அனுபவத்தை, இவற்றை நேரில் அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எழுதியதை முதலில் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்துங்கள். பிறகு அச்சிடுங்கள். தங்களைப் பற்றிய கணக்கை வாசிக்கவும் மறுக்கவும் மக்களுக்கு இடம் தராத எவரையும், அவர் பதவிப் பெயர் எந்த மொழியில் இருந்தாலும், கங்காணி என்று சொல்ல வன்னி மக்களுக்கு உரிமை உண்டு.